நுஹ்மான் முதலாளியின் மூக்கு

காசிம் லெப்பை நுஹ்மான், 1907–1971.

பூனையின் காதை இரு விரல்களால் பின்னுக்கு மடித்து, கண்களை மூடி, மூக்கு நுனியைக் காதுக்குழியின் விளிம்பிலே வைத்து, நுஹ்மான் முதலாளி ஒரே ஒரு மூச்சு இழுப்பார். மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கும் அவருடைய கடையில், அந்நேரம் தராசில் மூட்டை ஏறியிருந்தால் அது ஏறியபடியே நிற்கும். சரக்கு விற்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மூச்சை விட்டதும் முதலாளியின் முகம் விரியும். குரல் ஒரு கட்டை உயரும்.

“கொக்கோ. பெட்டியில ஒரு நாள் கூடப் புளிச்ச கொக்கோ. நூருன்னிஸா, இங்க வாங்க, வந்து மோந்து பாருங்க.”

பூனையைச் சாக்குப் பையில் இட்டுக் கொண்டுவந்த நூருன்னிஸா, பின்தெருவில் இடியப்பம் அவித்து விற்பவர். அவர் ஓரடி பின்வாங்கினார்.

“எனக்கு வாணாம் நானா. நீங்க செல்லுங்க, நான் நம்புறேன்.”

“நம்ப வாணாம், மோந்து பாருங்க. அடுத்த முற இது தலைய உதறக்குள்ள நான் கடையில ஈப்பேனோ இல்லையோ. உங்கட மூக்கு உங்களோடதானே ஈக்கும்.”

நூருன்னிஸா மோந்து பார்த்தார். பார்க்காமல் அவரை அங்கிருந்து போகவிட மாட்டார் முதலாளி. புளித்த வாடை என்றால் காதுக்குள் ஈரம் தங்கி அழுக்கு நொதித்துப்போயிற்று என்று பொருள்; துடைத்து உலர வைக்க வேண்டும், மேலும் ஈரமாக்கக் கூடாது என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை நூருன்னிஸாவுக்கு மட்டுமல்ல, மிளகு மூட்டையோடு நின்றிருந்த இருவருக்கும் சேர்த்தே சொன்னார். அவர்களிடம் பூனை இல்லை என்பதை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அந்த மூக்கு வியாபாரத்தில் பழகிய மூக்கு. கொக்கோக் கொட்டை அளவாகப் புளித்ததா, ஒரு நாள் கூடிவிட்டதா, கராம்பு வெயிலில் காய்ந்ததா, அடுப்புப் புகையில் காய்ந்ததா என்பதையெல்லாம் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். எலிக்காகக் கடையில் வளர்த்த பூனை ஒரு மழைக்காலத்தில் தலையை உதறி உதறிக் காதோரத்தைப் புண்ணாக்கிக்கொண்டது. அதைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தவர், கை போன போக்கில் மூக்கையும் கொண்டுபோனார். அன்று தொடங்கியது இது. பிறகு ஊரில் எந்த வீட்டுப் பூனைக்கும் அந்தத் தராசுத் தட்டே கட்டில் ஆயிற்று.

மோந்து பார்ப்பது கடைசிப் படிதான். மிருகம் வாசலில் நுழையும்போதே அவர் பார்வை அதன் தலைமேல் இருக்கும். தலை ஒரு பக்கம் சாய்கிறதா, பின்னங்கால் ஓயாமல் ஒரே காதைத் தேடுகிறதா, சுவரிலே காதை உரசிக்கொண்டு நடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இரு காதுகளையும் இரு உள்ளங்கைகளில் ஒரே நேரத்தில் பிடிப்பார், இரண்டு தோட்டத்து மிளகை ஒப்பிடுகிறவரைப் போல. ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். உட்புறம் இளஞ்சிவப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் “சரக்குச் சுத்தம்” என்று இறக்கிவிடுவார். அரைத்த கோப்பித் தூளைப் போலக் கரிய பொருக்கு உதிர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அப்போது அவர் உற்சாகம் எல்லை கடக்கும். கறுப்புத் தாளில் அந்தத் தூளைத் தட்டி, வெயிலில் பிடித்து, வெள்ளைப் புள்ளிகள் நகருவதை வழியில் போகிறவர்களையும் அழைத்துக் காட்டுவார். “பாருங்க, நடக்குது பாருங்க. ஒரு பூனைக்குப் பாத்தாப் போதாது, வீட்டில ஈக்கிற எல்லாப் பூனைக்கும் பாக்கணும்.” வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயைத் தம் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, இரண்டு சொட்டு விட்டு, காதின் அடியை வெளியிலிருந்து பிசைந்து, மேலே வந்ததை மட்டும் பழந்துணியால் துடைப்பார்.

காதைக் குடையும் ஈர்க்குக்கும் தீக்குச்சிக்கும் அவரிடம் மன்னிப்பில்லை. “கண்ணுக்குத் தெரியிற எடம் வரைக்குந்தான் நம்மட கைக்கு உரிம. அதுக்கு அங்கால ஆண்டவன்ட எடம், இல்லாட்டி டொக்டர்ட எடம்” என்பார். சீழ் நாறினால், காதுமடல் பணிஸ் போல வீங்கினால், நடக்கும்போது மிருகம் ஒரு பக்கம் விழுந்தால், எண்ணெய்ப் போத்தலைத் தொடவே மாட்டார். அரசாங்க மிருக வைத்தியரிடம் போகச் சொல்வார். சொல்லிவிட்டு, என்ன சொல்லப்போகிறார் வைத்தியர் என்று தாங்க முடியாமல், கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுத் தாமும் பின்னாலேயே போவார். வைத்தியர் தம் கருத்தோடு ஒத்துவிட்டால், சோதனையில் தேறிய மாணவனைப் போலக் கையை வீசிக்கொண்டு திரும்புவார். ஒத்துவராத நாளில் அன்று மாலை முழுவதும் அந்தப் புதுச் செய்தியையே பேசிக்கொண்டிருப்பார். அதிலும் அவருக்கு மகிழ்ச்சி குறைவில்லை.

மனைவி றம்லா இதை வேறு கண்ணால் பார்த்தார். “மனிசர் கெடையில விழுந்து இருமினா ஒரு பார்வ இல்ல. பூன தலைய ஆட்டினா கடைய விட்டுட்டு ஓடுறாரு.”

“நீங்களும் காதக் காட்டுங்களேன், பாக்குறேன்.”

“என்ட காதில ஈக்கிறது உங்கட பேச்சுத்தான். அத எந்த எண்ணெயும் எடுக்காது.”

நாய் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஓர் எல்லை இருந்தது. அவர் பின்பற்றிய மார்க்கச் சட்டப்படி, நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அவற்றில் ஒரு தரம் மண் கரைத்த நீரால். பூனைக்கு அந்த விதி இல்லை. நாயைப் பார்ப்பது பாவமென்று அவர் எண்ணவில்லை. வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகக் கடையில் இருக்கிறவர், தொழுகை நேரம் நெருங்க நெருங்க ஏழு தரக் கழுவலுக்குத் தயங்கினார், அவ்வளவுதான். எனவே நாய் வந்தால், அதன் சொந்தக்காரர் காதுமடலைத் தூக்கிப் பிடிக்க, முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சாண் தூரத்திலே குனிந்து நிற்பார். கெட்டுப்போன காது ஒரு சாண் என்ன, ஒரு முழத்துக்கே வாடை அடிக்கும். அதனால் அந்த முறையில் குறையிருப்பதாக ஊராருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஏலக்காய் வாங்க றத்தோட்டைக்குப் போய், அங்கிருந்து ரிவர்ஸ்டன் மலையடிவாரம் வரை ஏறுவது வழக்கம். அங்கே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கொட்டிலுக்குக் காவல்காரராக இருந்தவர் இராமையா. அவரிடம் டைகர் என்றொரு செம்மண்நிற நாய் இருந்தது. தொங்கு காது, இரவு பகல் பாராத காவல். 1959 ஜனவரி மழையில் அந்த நாய்க்கு ஏதோ நேர்ந்தது. திடீரென்று தலையை மரத்தில் மோதுவதைப் போல உதறியது. வட்டமிட்டு ஓடியது. வாயில் நுரை தள்ளியது. தலையைத் தடவப்போன இராமையாவின் மனைவி கமலாட்சியின் கையை நோக்கிப் பாய்ந்து, சேலைத் தலைப்பைக் கவ்விக் கிழித்தது.

பக்கத்து டிவிஷனில் முந்திய ஆண்டு ஒரு குழந்தை வெறிநாய்க் கடியால் இறந்திருந்தது. ஆகவே தொழிலாளர் லயத்தில் பெண்கள் தண்ணீர்ப் பீலிக்குப் போகவும் அஞ்சினார்கள். தோட்டத்துத் துரையிடமிருந்து உத்தரவு வந்தது: வேலை மேற்பார்க்கும் கண்டக்டர் சிவசாமி நாயைச் சுட வேண்டும். வெறியென்று பேரெடுத்த நாயை மாத்தளை வைத்தியரிடம் கொண்டுபோக எந்த பஸ்காரரும் இணங்கவில்லை. இராமையா கண்டக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“செவ்வாக்கெழம நுஹ்மான் மொதலாளி வருவாருங்க. காதுக் கோளாறா இருந்தா அவரு சொல்லிருவாரு. அவரு இல்லேன்னு சொல்லிட்டா அப்புறம் உங்க இஷ்டம்.”

சிவசாமி ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மாலைப் பெரட்டில் ஆட்கணக்கு எடுத்து முடியும் வரை பொறுப்பதாக வாக்குக் கொடுத்தார். வாக்கு மாறாத மனிதர் அவர், உத்தரவும் மீறாதவர்.

ஆக, செவ்வாய்க்கிழமை காலை நுஹ்மான் மலையேறி வந்தபோது, டர்ப்பன்டைன் மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட நாயைச் சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நாயின் மயிரெல்லாம் நனைந்து, வாயிலிருந்து எச்சில் நூலாய் இறங்கியது. இராமையா அதன் கழுத்தை அணைத்தபடி வலக்காதின் மடலைத் தூக்கினார். நுஹ்மான் சாரத்தை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, வழக்கமான தூரத்தில் குனிந்தார். நனைந்த மயிர் வாடை. வேறொன்றுமில்லை. இடக்காது, அதுவும் அப்படியே.

“காதில வாடை இல்ல இராமையா.”

“நல்லாப் பாருங்க மொதலாளி.”

“பாத்துட்டேன். வாடை இல்லாத காத நான் என்னண்டு செல்ல?”

“அப்ப காதுக் கோளாறு இல்லங்கிறீங்க” என்றார் சிவசாமி.

“இல்ல.”

இராமையா, மழைக்காக நாயின் முதுகில் போட்டிருந்த சாக்கை எடுத்துப் பிழிந்து, மறுபடியும் அதன்மேல் போட்டார்.

அதன்பின் நுஹ்மான் றத்தோட்டைக்கு இறங்கி, மக்கீனுடைய ஏலக்காய்க் கொட்டிலில் போய் உட்கார்ந்தார். மக்கீன் பழைய கூட்டாளி. ஏமாற்றப் பார்ப்பார், பிடிபட்டால் சிரிப்பார். அன்றும் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து வைத்தார்.

“மொதத் தரம் மொதலாளி. மேல ஒருக்கா மோந்து பாருங்க, போதும். ஏன் மொகம் செத்துப்போய் ஈக்கு?”

நுஹ்மான் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். சாக்குக்குள் கையை அடிவரை செலுத்தி, ஒரு பிடியை அள்ளி, மூக்கோடு அழுத்திப் பிடித்தார். புழுங்கிய ஈரம்.

“மக்கீன், மேல ஈக்கிறது வாசம். அடியில ஈக்கிறதுதான் சரக்கு. நின்ட எடத்தில நின்டு மோந்துட்டுச் சரக்கு எடுக்கிற ஆளா நான்? எந்தக் காலத்திலயாவது நான் தள்ளி நின்டு—”

கையிலிருந்த ஏலக்காய் ஒவ்வொன்றாக விழுந்தது.

“என்ன மொதலாளி, சாக்குக்குள்ள பாம்பா?”

“மேல போற லொறி எப்ப?”

குடையை எடுக்கவும் மறந்து அவர் வீதிக்கு ஓடினார். ஐம்பதைத் தாண்டிய வயது, வஞ்சனையில்லாமல் வளர்ந்த வயிறு. மாலைத் தேயிலைக் கொழுந்து ஏற்ற மலைக்குப் போய்க்கொண்டிருந்த லொறியைக் கையை விரித்து மறித்தார்.

“மொதலாளி, முன்னுக்கு எடமில்ல” என்றார் சாரதி.

“பின்னுக்கு ஏறுறேன். எங்கயும் நிப்பாட்டாதீங்க.”

“நிப்பாட்டாம கொழுந்து எப்பிடி ஏத்துறது?”

“எறங்கி வாறக்குள்ள ஏத்துங்க. ஓட்டுங்க தம்பி.”

வெறும் சாக்குகளுக்கு நடுவே, இரு கைகளாலும் பக்கப் பலகையைப் பற்றிக்கொண்டு அவர் நின்றார். ஒவ்வொரு வளைவிலும் மூடுபனி கூடிக்கொண்டே வந்தது. காலையில் தாம் சொன்ன ஒற்றைச் சொல் அவர் நெஞ்சிலே குத்திக்கொண்டிருந்தது. இல்லை என்றாரே, எதை வைத்துச் சொன்னார்? ஐந்து றாத்தல் மிளகு வாங்கவும் போதாத ஒரு மோப்பத்தை வைத்து, காதுக்குள் ஒன்றுமில்லை என்று ஐம்பது பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அதை நம்பி ஒரு மனிதர் நாயின் சாக்கைப் பிழிந்தார்.

இன்னும் இரண்டு வளைவுகள் இருக்கையில் தோட்டத்துச் சங்கு ஊதியது. மாலைப் பெரட்டு முடிந்துவிட்டது. லொறியோ ஓர் ஏற்றத்துக்கு முன்னால், எதிரே இறங்கிவந்த மாட்டு வண்டிக்காக நின்றுவிட்டது. நுஹ்மான் பின்பக்கத்தால் குதித்தார். தேயிலைக்கு நடுவே செங்குத்தாய்ப் போகும் குறுக்குப் படியில், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரு செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. “கண்டக்டர் ஐயா, பொறுங்க” என்று ஒவ்வொரு படியிலும் கூவினார். மூச்சு வாங்கியதில் கடைசிச் சொல் மட்டுமே மேலே போய்ச் சேர்ந்தது.

காலையில் நின்ற ஐம்பது பேரும் தொலைவில் ஒதுங்கியிருக்க, மரத்தடியில் இராமையா ஒருவர்தான் நாயருகே நின்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பி. சிவசாமி தோட்டாவைப் போட்டு முடித்திருந்தார்.

“காலையில காதில ஒண்ணுமில்லன்னீங்களே மொதலாளி.”

“காலையில நான் காதப் பாக்கல. தள்ளி நின்டு காத்தத்தான் மோந்தேன். இன்னொருக்கா பாக்கணும்.”

“கிட்டப் போகாதீங்க. வெறியா இருந்தா உங்க உசிருக்குத்தான் நட்டம். நான் துரைக்கு என்னத்தச் சொல்றது?”

நுஹ்மான் தொப்பியைக் கழற்றினார். சுற்றிப் பார்த்தார், வைக்க உலர்ந்த இடம் ஒன்றுமில்லை. “இதக் கொஞ்சம் பிடிங்க” என்று அதைச் சிவசாமியிடமே நீட்டினார். பெரிய மனிதர் ஒருவரின் தொழுகைத் தொப்பியை ஒற்றைக் கையால் வாங்குவது எப்படி என்று சிவசாமி ஒரு கணம் தடுமாறினார். பின் துவக்கை மரத்தில் சாய்த்துவிட்டு, இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

இராமையா தலைத்துண்டை அவிழ்த்து நாயின் வாயைச் சுற்றிக் கட்டினார். நுஹ்மான் சேற்றில் மண்டியிட்டார். வலக்காதின் மடலை மேலும் பின்னும் இழுத்துக் குழியை நேராக்கி, மூக்கைக் குழியின் வாயிலே வைத்து, கண்களை மூடினார். நனைந்த மயிர். அதற்கு அடியில், ஊறிய சாக்கு. அதற்கும் அடியில், மிக மெல்லியதாய், பச்சை இரத்தம். இன்னும் ஒன்று, நாயின் காதில் இருக்க நியாயமே இல்லாத ஒன்று. நசுங்கிய புல்.

“இராமையா, வெளிச்சம் மறைக்காம நில்லுங்க.” அவர் குரல் காலையில் இருந்த குரல் இல்லை, கடையில் கேட்கும் குரல். “ஈக்கு. உள்ளுக்கு ஈக்கு. வால் தெரியிது.”

மலைப் பத்தனைப் புல்வெளியில் நடக்கிறவர்களின் துணியில் ஏறி, தோல்வரை துளைக்கும் ஊசிப்புல்லின் விதை அது. முனை உள்ளே போயிருந்தது. மயிரிழை போன்ற வால் மட்டும் ஈரத்தில் மின்னியது. கமலாட்சி அடுப்பில் சுடவைத்த எண்ணெயைச் சிரட்டையில் கொண்டுவந்தார். நுஹ்மான் அதைத் தம் மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, ஆறட்டும் என்றார். ஆறியதைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நாய் உடம்பு முழுவதும் நடுங்கியது. எண்ணெய் ஊறி விதை இளகும்வரை அவர் காதுமடலைப் பிடித்தபடியே இருந்தார்.

“இடுப்பில என்ன தொங்குது தங்கச்சி?”

“கால் முள்ளெடுக்கிற முள்ளுவாங்கிங்க.”

“அதத் தாங்க.”

வாலைப் பற்றி, வந்த வழியே, அவசரமின்றி இழுத்தார். அரை விரல் நீளத்தில், இரத்தம் தோய்ந்து, அது வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்து முதலில் இராமையாவுக்குக் காட்டினார். பிறகு எழாமலே கையை உயர்த்திச் சிவசாமிக்கும். ஐம்பது பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“நாளைக்கு லொறியில ஏத்தி டொக்டர்ட்ட நானே கொண்டு போறேன்” என்றார் நுஹ்மான். “கொஞ்ச நாளைக்குக் கட்டிப்போட்டுப் பாக்கச் செல்லுவாரு. பாக்கலாம். சுட வாணாம்.”

சிவசாமி தொப்பியை ஒரு கைக்கு மாற்றி, துவக்கை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இராமையா வாய்க்கட்டை அவிழ்த்தார். நாய் எழுந்து, நாலு காலையும் அகட்டி நின்று, தலையை ஓர் உதறு உதறியது. தொங்கு காதுகள் இரண்டும் கன்னத்தில் பட்டுப் பட்டென்று அடித்தன. எண்ணெயும் இரத்தமும் எச்சிலும் நுஹ்மானின் நெற்றி, தாடி, வெள்ளைச் சட்டை எங்கும் தெறித்தன. பிறகு அது தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, காலடியில் தேங்கியிருந்த மழைநீரை நக்கிக் குடித்தது. இராமையா சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“மொதலாளி, மேலெல்லாம் பட்டிருச்சுங்க” என்றார் சிவசாமி மெதுவாக. “தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?”

“செல்லுங்க. மண்ணும் கொஞ்சம் கொண்டு வரட்டும். ஆறுதலா வரட்டும், அவசரமில்ல.”

சொல்லிக்கொண்டே, முழங்காலாலேயே மறுபக்கம் நகர்ந்து, நாயின் இடக்காதை மடித்து, அதற்குள் மூக்கை வைத்தார். அவர் ஒரு சாண் தள்ளி நின்று கடைசியாகக் காது பார்த்தது அன்று காலையில்: 1959 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை.